வெளிக்கிருக்கப் பழகும் பிள்ளை: வன்னியிலிருந்து ஒரு சிறு வரலாறு

1998ஆம் ஆண்டு மாசி மாதத்து இரவு ஒன்று. மல்லாவியை அடுத்த யோகபுரத்தில், கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றினுள், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் எனது மூத்த மகள் வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள். பிறந்து 23 நாட்களே ஆகியிருந்தன. கால்களை வயிற்றோடு மடக்குவதும், மூச்சைப் பிடித்து முக்குவதும், முகம் செக்கச் சிவந்து பின் தாளாமல் கதறுவதுமாக ஏறத்தாழக் கால் மணி நேரம் கழிந்தது. பிறகு மலம் போயிற்று. அது கட்டியாக இருக்கவில்லை. அரைத்த கடுகைக் குழைத்தது போன்ற மஞ்சள் நிறத்து இளகிய மலம். போன மறுகணமே பிள்ளை அடங்கி, பால் குடித்து, ஒன்றும் நடவாதது போல உறங்கிப்போனாள். மறுநாளும் அதே நாடகம். அதற்கு மறுநாளும் அதே.

வலிகாமத்திலிருந்து 1995 ஐப்பசியில் புறப்பட்ட எமது குடும்பம் தென்மராட்சி, கிளிநொச்சி என்று அலைந்து மல்லாவிக்கு வந்து சேர்ந்திருந்தது. 1997 மே 13ஆம் திகதி தொடங்கிய 'ஜயசிக்குறு' படை நடவடிக்கை மாங்குளத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. எறிகணை ஓசைக்கு உறங்கப் பழகிவிட்டிருந்த நாங்கள் ஒரு சிசுவின் முக்கலுக்கு விழித்துக்கொண்டிருந்தோம்.

மாமி முதலில் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து "வயிற்றுக்குத்து" என்றார். பின்பு "கிரந்தியாக்கும்" என்றார். பின்பு அவரது ஐயம், எமது வழக்கப்படி, தாயின் மீது திரும்பியது. எனது மனைவி முன்தினம் உண்ட மரவள்ளிக்கிழங்கே காரணம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து கிழங்கு நிறுத்தப்பட்டது. பருப்பு நிறுத்தப்பட்டது. கீரையும் நிறுத்தப்பட்டது. அரிசிக்கே வரிசையில் நின்ற அந்நாட்களில், பாலூட்டும் ஒரு பெண்ணின் கோப்பையிலிருந்து இவ்வளவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் அச்சமாகவே இருந்தது.

நான்காம் நாள் மாமி வெற்றிலைக் காம்பொன்றை ஆமணக்கெண்ணெயில் தோய்த்து எடுத்தபோது, அயல் கொட்டிலிலிருந்த மலையகத்து மூதாட்டி அதற்கு உடன்பட்டார். ஆயினும் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதே முதல் வேலை என்பது அவரது கட்சி. இரு பாட்டிமாரும் வாதிட்டுக்கொண்டிருந்த வேளையில், துணுக்காய்ப் பக்கத்திலிருந்து வந்த முதிய மருத்துவிச்சி ஒருவர் உள்ளே நுழைந்தார். எழுபதைத் தாண்டிய வயது. எழுத்தறிவு இருந்ததாகத் தெரியவில்லை. அப்பகுதியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவரது கையில் விழுந்தவர்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பிள்ளையை மடியில் கிடத்தினார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். துணியிலிருந்த மலத்தை விளக்கின் அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பால் குடிக்கிறாளா, சத்தி எடுக்கிறாளா, காய்ச்சல் இருக்கிறதா என்று மூன்றே கேள்விகள். பிறகு என்னிடம் சொன்னார்:

"தம்பி, இது வருத்தமில்லை. பிள்ளை வெளிக்கிருக்கப் பழகுது. முக்கத் தெரியுது, விடத் தெரியேல்லை. ரெண்டும் ஒண்டாச் சேரக் கொஞ்ச நாள் செல்லும். நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. காம்பு வைச்சியளெண்டால் அது காம்புக்குத்தான் பழகும்."

வெற்றிலைக் காம்பு அன்று மாமியின் வாய்க்குள் போயிற்று, பாக்கோடும் சுண்ணாம்போடும்.

அந்த மூதாட்டியின் சொற்களை நான் பல ஆண்டுகள் ஒரு கிராமத்து அனுபவமொழியாகவே கருதி வந்தேன். மருத்துவம் அதை எப்போது கண்டறிந்தது என்று தேடிப் பார்த்தபோதுதான் வியப்பு உண்டாயிற்று. குடலில் நோய் ஏதும் இன்றி அதன் தொழிற்பாட்டில் மட்டும் தோன்றும் தொல்லைகளை வகைப்படுத்தவென உலக நாடுகளின் வைத்திய நிபுணர்கள் கூடி வகுத்த 'ரோம்' அளவுகோல்கள் என்று ஒன்று உண்டு. அதன் இரண்டாம் பதிப்பு 1999ஆம் ஆண்டு வெளியானது. அதிலேதான் 'சிசு டிஸ்கீசியா' என்ற பெயரில் எமது கொட்டிலில் நடந்தது விவரிக்கப்பட்டது. வேறு நோயற்ற, ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசு, இளகிய மலத்தைக் கழிப்பதற்கு முன் குறைந்தது 10 நிமிடங்கள் முக்கி அழுதல். இதுவே வரைவிலக்கணம். டிஸ்கீசியா என்பது கிரேக்க மொழியிலிருந்து பிறந்த சொல். 'இடர்ப்பட்டு மலங்கழித்தல்' என்பதற்கு மேல் அதில் பொருள் ஒன்றுமில்லை. 2016இல் வெளியான நான்காம் பதிப்பு வயதெல்லையை 9 மாதமாக உயர்த்தி, முக்கியும் மலம் கழியாத சந்தர்ப்பங்களையும் சேர்த்துக்கொண்டது.

காரணமும் எளிதே. மலங்கழிக்க இரு செயல்கள் ஒருசேர நிகழவேண்டும். வயிற்றுத் தசைகள் இறுகி உள்ளழுத்தத்தைக் கூட்டவேண்டும். அதே கணத்தில் இடுப்படித் தசைகள் தளர்ந்து வழிவிடவேண்டும். புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு முதலாவது வரும், இரண்டாவது வராது. மூடிய கதவைத் தள்ளுவது போல அது முக்குகிறது. அழுகை வயிற்றழுத்தத்தை மேலும் கூட்டுவதால் அழுகையே அதற்கு ஒரு கருவியாகிவிடுகிறது. பார்ப்பவர்க்கு வேதனையாகத் தோன்றும் அக்கதறல் பெரும்பாலும் முயற்சியின் ஓசையே. சில வாரங்களில் உடல் தானாகக் கற்றுக்கொள்கிறது. மருந்து தேவையில்லை. காம்பு, சவர்க்காரத் துண்டு, வெப்பமானியின் நுனி போன்றவற்றால் குதத்தைத் தூண்டுதல் ஆகாது என்பதே வைத்தியர்களின் அறிவுரை. அத்தூண்டலுக்குக் காத்திருக்கப் பிள்ளை பழகிவிடலாம் என்பது அவர்கள் கூறும் காரணம். 'காம்புக்குத்தான் பழகும்' என்று துணுக்காய் ஆச்சி சொன்னது அச்சேறிய நூலுக்கு ஓராண்டு முந்தியது.

அப்படியானால் எமது முன்னோர் இத்தனை நூற்றாண்டுகளாக என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? தமிழ் மருத்துவம் குழந்தைப் பிணிகளைப் புறக்கணித்தது என்று எவரும் சொல்லமுடியாது. பாலவாகடம் என்று தனித்துறையே உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்து மரபாகக் கொள்ளப்படும் பரராசசேகரம் என்னும் பெருந்தொகுப்பை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1920களின் பிற்பகுதியிலிருந்து பகுதி பகுதியாக அச்சிட்டார். அவற்றுள் பாலரோக நிதானமும் ஒன்று. மாந்தம், கணம், தோஷம், கரப்பான், கிரந்தி என்று பிள்ளை நோய்களைப் பிரித்துப் பிரித்துப் பெயரிட்ட மரபு அது. தாய்ப்பால் செரியாமையால் வருவது பால்மாந்தம் என்பர். பச்சை நிறமாக மலம் போனால் கிரந்தி என்று சொல்லிக் கிரந்தி எண்ணெய் கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளில் எனது சிறுபிராயம் வரை குறைவின்றி இருந்தது.

இவ்வளவு பெயர்களுக்கும் நடுவே, 'இது நோயன்று, பழகுதல்' என்னும் பெயரில்லா நிலைக்கு ஏட்டில் இடம் கிடைப்பது கடினம். பரிகாரியிடம் போனவர் மருந்தின்றித் திரும்புவது இருவருக்கும் ஒவ்வாத காரியம். ஏட்டுக்கு வெளியே, எழுதப்படாமல், மருத்துவிச்சிகளின் நினைவிலே அது இருந்திருக்கிறது என்றே எனக்கு எண்ணத் தோன்றுகிறது. நூறு பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தவருக்கு எது தானாக நிற்கும் என்பது தெரிந்துவிடும். ஒரு பிள்ளையை மட்டும் பார்க்கும் தாய்க்கும் பாட்டிக்கும் அது தெரியாது.

மேனாட்டு வைத்தியம் தமிழில் வந்ததும் முதலில் எமது பகுதிக்கே. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ் வழியிலேயே வைத்தியம் கற்பித்தார். 1857இல் மோன்செலின் பிரசவ வைத்திய நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். பிரசவம் பற்றிய அறிவைத் தமிழ்ப் பெண்கள் வாழும் மொழியிலேயே தரவேண்டும் என்ற அவரது பிடிவாதம் பெரிது. ஆனால் மானிப்பாய்க்கும் வன்னிக்கும் இடையே இருந்தது ஆனையிறவுக் கடல்நீரேரி மட்டுமன்று. அக்காலத்து வன்னியின் நிலைமையே வேறு.

வவுனியாவில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட 'வன்னி மாவட்டங்களின் கைநூல்' எமது பகுதியின் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்கமுடியாத நூல். ஆங்கில அதிகாரியின் கண்ணாடி வழியே பார்க்கப்பட்ட வன்னிதான் அது. எனினும் பாழடைந்த குளங்கள், அருகிவந்த குடிகள், காய்ச்சல், பறங்கி நோய் என்று அவர் காட்டும் காட்சி பொய்யன்று. பறங்கி நோய் பற்றி இலங்கையின் தலைமைச் சிவில் வைத்திய அதிகாரி கின்சி 1881இலேயே தனி அறிக்கை எழுத நேர்ந்தது. அத்தகைய மண்ணில் ஒரு பிள்ளை இரவில் கதறினால் அயலவர் என்ன நினைத்திருப்பர்? இன்றைய பிள்ளைக்கு அழுகை ஒரு தொல்லை. அன்றைய வன்னிப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் முன்னறிவிப்பு.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், 1946ஆம் ஆண்டு உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 141 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். மலேரியா ஒழிப்பும் தாய்சேய் நல நிலையங்களும் பரவிய பின்பு 1950இல் இத்தொகை 82 ஆயிற்று. இன்று 10இற்கும் குறைவு. ஆயிரத்தில் 141 என்றால் ஏழு பிள்ளைகளுக்கு ஒன்று. ஏழு பிள்ளைகளில் ஒன்றை மண்ணுக்குக் கொடுத்த பாட்டி, எட்டாவது பிள்ளை முக்கி அழும்போது கைகட்டி நிற்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவர் ஏதோ ஒன்றைச் செய்தேயாக வேண்டியிருந்தது. காம்பு வைத்தால் மலம் உடனே வரும். வரவே செய்யும், தூண்டல் அப்படிப்பட்டது. ஆகவே காம்பு குணப்படுத்தியது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைச் சிரித்து ஒதுக்க நான் ஆயத்தமாக இல்லை.

சிரிப்பதென்றால் மேனாட்டாரையும் சேர்த்துத்தான் சிரிக்கவேண்டும். 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வில்லியம் வூட்வேர்ட் என்ற மருந்துக் கலவையாளர் 'கிறைப் வோட்டர்' என்பதைத் தயாரித்தார். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் பரவியிருந்த காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து, பிள்ளைகளின் வயிற்றுத் தொல்லையையும் தணிப்பதாகக் கண்டு அதிலிருந்து உருவாக்கியதாகக் கூறுவர். அந்தச் சதுப்புக் காய்ச்சல் மலேரியாவே. மலேரியா மண்ணில் பிறந்த மருந்து, கடல் கடந்து வன்னி என்னும் இன்னொரு மலேரியா மண்ணுக்கு வந்து சேர்ந்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சீனி, நீர், இவற்றோடு மதுசாரமும் அதில் இருந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 3.6 பங்கு. பிள்ளை உறங்கியதற்கான காரணத்தை வாசகர்கள் ஊகிக்கலாம். பிரித்தானியாவில் மதுசாரம் நீக்கப்பட்டது 1992இலேதான்.

அமெரிக்காவின் கதை இதனினும் கொடியது. 1849 முதல் விற்கப்பட்ட 'திருமதி வின்ஸ்லோவின் சாந்தப்படுத்தும் பாகு' என்ற மருந்தில் மோர்பின் இருந்தது. அழும் பிள்ளை அமைதியாகும், சில பிள்ளைகள் விழிக்கவே மாட்டா. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தகைய பாகுகளைச் சிசுக்கொல்லிகள் என்று பெயர் சொல்லியே கண்டித்தது. இவற்றோடு ஒப்பிட்டால் எமது ஓமத்தண்ணீரும் வசம்பும் சாதுவானவை. ஆயினும் முற்றிலும் தீங்கற்றவை என்று சொல்லமாட்டேன். உரைகல்லின் அழுக்கும் கொதியாத நீரும் பிஞ்சுக் குடலுக்குப் போனால், இல்லாத நோய் வந்து சேரும்.

கிறைப் வோட்டர் போத்தலில் பாம்பைக் கையால் நெரிக்கும் பாலகன் ஒருவனின் படம் உண்டு. அது கிரேக்கப் புராணத்து ஹெர்க்குலிஸ். எனது அப்பாச்சி இறக்கும்வரை அதைக் காளிங்கனை அடக்கும் கண்ணபிரான் என்றே நம்பினார். மருந்தில் அவருக்கிருந்த பற்றுதலில் பாதி அப்படத்தினால் வந்தது என்பது எனது எண்ணம்.

வன்னியின் தனித்தன்மை வேறொன்றில் இருக்கிறது. இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்தார் குடியேறினர். 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத் தமிழர் வந்தனர். ஏற்கெனவே அங்கு வேரூன்றியிருந்த அடங்காப்பற்றின் குடிகளும் இருந்தனர். ஒவ்வொரு சாராரும் தத்தம் பிள்ளை மருந்தைக் கூடவே கொண்டுவந்தனர். கிரந்தி எண்ணெய்ப் போத்தலும், வசம்புத் துண்டும், காட்டு மூலிகையும் ஒரே குடியேற்றத்து வேலிகளுக்கு இடையே சந்தித்துக்கொண்டன. எனது கொட்டிலில் அன்று நடந்த வாதம் அந்த வரலாற்றின் ஒரு துளி. 1970களின் பிற்பகுதியில் வவுனியாவைத் தளமாகக் கொண்டு இயங்கிய காந்தீயம் அமைப்பு இக்குடியேற்றங்களில் பாலர் பாடசாலைகளையும் ஊட்டச்சத்துத் திட்டங்களையும் நடத்தியது. அதன் முன்னோடிகளில் ஒருவரான டொக்டர் இராஜசுந்தரம் தாமே ஒரு வைத்தியர். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் அவர் படுகொலை செய்யப்பட்டார். குழந்தைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு முயற்சி அதன் பின் தலையெடுக்கவில்லை.

1990இலிருந்து பொருளாதாரத் தடை. மருந்துப் பொருட்கள் அனுமதிக்காகக் காத்துக்கிடந்தன. சவர்க்காரம் அரிதாகிப் பனம்பழத்தைப் பிழிந்து துணி தோய்த்த காலம் அது. பிள்ளையின் மலத்துணிகளை அவ்வாறே நானும் தோய்த்திருக்கிறேன். கடையில் கிறைப் வோட்டர் இல்லாமற் போனதில் எனக்கு வருத்தமில்லை. பால்மா கிடைக்காததே பல வீடுகளில் உண்மையான இடர். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை முக்கினாலும் மலம் இளகியே இருக்கும். தாயை இழந்த பிள்ளைக்கும் தாய்ப்பால் போதாத பிள்ளைக்கும் கிடைத்த மாவைக் கிடைத்த அளவில் கரைத்துக் கொடுக்கும்போது நிலைமை மாறும். கெட்டியாகக் கரைத்தால் மலம் கல்லாகும். நீர்க்கக் கரைத்தால் பிள்ளை மெலியும். அசுத்த நீரானால் வயிற்றோட்டம். அங்கே அழுகைக்குப் பொருள் வேறு, மருத்துவிச்சியின் 'ஒண்டும் செய்யாதேங்கோ' அங்கே பொருந்தாது.

இதன் உச்சத்தை 2009இல் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில், பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை ஒழுங்கு செய்த பால்மா விநியோகத்துக்காகப் பெண்களும் குழந்தைகளும் வரிசையில் நின்றபோது எறிகணைகள் வீழ்ந்தன. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு தனது 2011ஆம் ஆண்டு அறிக்கையில் இதைப் பதிவு செய்திருக்கிறது. இறந்த தாய்மார் சிலரின் கைகளில் பிள்ளைக்குரிய பால்மா அட்டை அப்போதும் இறுகப் பற்றப்பட்டிருந்தது என்று அவ்வறிக்கை கூறுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதிவரும் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் கடந்து செல்வது இன்னமும் இயலவில்லை.

அச்சமும் களைப்பும் தாயின் பால் சுரப்பை அடியோடு நிறுத்திவிடுவதில்லை. சுரந்த பால் இறங்குவதை அவை தடுக்கின்றன. கஞ்சி குடித்துப் பதுங்கு குழியில் இருந்த தாய்க்கு 'பால் வற்றிவிட்டது' என்று தோன்றியது அதனால்தான். அவள் அட்டையோடு வரிசைக்குப் போனதும் அதனால்தான். யுத்தம் முடிந்தபின் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். அங்கே சேலைத் துண்டுக்குப் பின்னால் பாலூட்ட இடந்தேடிய தாய்மாருக்கு அறிவுரை சொல்லப் பல வேளைகளில் சொந்தத் தாயார் அருகில் இல்லை. ஒருவர் அடுத்த வலயத்தில் இருந்தார். இன்னொருவர் உயிரோடு இல்லை. மூன்று பாட்டிமார் வாதிட்ட கொட்டில் எவ்வளவு பெரிய செல்வம் என்பது எனக்கு விளங்கியது அம்முகாமின் கதைகளைக் கேட்டபோதுதான். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது.

பின்னர் மாறியவையும் உண்டு. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. லூயிஸ் கண்ட காய்ச்சல் வன்னியை விட்டுப் போய்விட்டது. அதே ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டுமே ஊட்டப்படுகிறது. உலகில் பல செல்வ நாடுகள் எட்டாத அளவு அது. ஊருக்கு ஊர் மோட்டார் சைக்கிளில் வரும் குடும்பநல உத்தியோகத்தர் இன்று அந்தப் பழைய மருத்துவிச்சியின் இடத்தில் இருக்கிறார். நூறு பிள்ளைகளைப் பார்த்த கண் அவருக்கும் உண்டு.

அவர்கள் எச்சரிக்கும் அறிகுறிகளைச் சொல்லாமல் விடுதல் பிழை. பிறந்து இரு நாட்களுக்குள் முதல் மலம் போகாவிட்டால், பச்சை நிறமாகச் சத்தி எடுத்தால், வயிறு ஊதினால், மலத்தில் இரத்தம் கண்டால், காய்ச்சல் வந்தால், பால் குடிக்க மறுத்தால், அது பழகுதல் அன்று. கொப்பன்ஹேகன் வைத்தியர் ஹேர்ஷ்ப்ருங் 1886இல் விவரித்த பிறவிக் குடல் நோய் போன்றவை அங்கே மறைந்திருக்கலாம். சத்திரசிகிச்சையன்றி அதற்கு வழியில்லை. முக்கி அழுகிற பிள்ளையையெல்லாம் 'தானாகச் சரிவரும்' என்று விட்டுவிடச் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ஆச்சி முதலில் மூன்று கேள்விகள் கேட்டார் என்பதை மறந்துவிடலாகாது.

சென்ற ஆண்டின் இறுதியில் ரொறன்ரோவிலிருந்து அதே மூத்த மகள் அழைத்தாள். அவளது பிள்ளைக்கு மூன்று வாரம். திரையில் ஒரு சிவந்த முகம் முக்கிக்கொண்டிருந்தது. எனது மனைவி, தான் பட்ட பட்டினியை மறந்து, "நேற்று என்ன சாப்பிட்டனீ?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஸ்காபரோவில் வெற்றிலை எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார். மகள் சிரித்துவிட்டு, டொக்டரிடம் போய்வந்ததாகச் சொன்னாள். அவர் ஒரு கிரேக்கப் பெயரைச் சொன்னாராம். ஒன்றும் செய்யவேண்டாம், ஒன்றும் விடவேண்டாம், நன்றாகச் சாப்பிடு என்றாராம். நான் துணுக்காய் ஆச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். "டொக்டரும் அதைத்தான் சொன்னவர் அப்பா. ஆச்சி வடிவாச் சொல்லியிருக்கிறா" என்றாள்.

ஆச்சியை 2002 சமாதான காலத்தில் ஒருமுறை தேடிப்போனேன். முந்திய மழைக்காலத்திலேயே அவர் காலமாகிவிட்டதாக அயலார் சொன்னார்கள்.

தனக்கு அந்த அழுகை எத்தனை நாளில் நின்றது என்று மகள் கேட்டாள். பிள்ளையின் நிறை, பால் குடித்த நேரம் எல்லாவற்றையும் மனைவி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அது பின்னைய இடப்பெயர்வொன்றில் தொலைந்துபோயிற்று. அவ்வாண்டு சித்திரை வருடப்பிறப்பன்று காலையில் பிள்ளை அழாமல் இருந்தாள் என்பது மட்டும் மனைவிக்கு நினைவிருக்கிறது.